பெயர் வெளியிட வேண்டாம்

வார இதழ்களின் அந்தரங்கப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். அதனால் கோவில்பட்டியிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் எட்டயபுரம், விளாத்திகுளத்திலிருந்தும் எத்தனை பெண்கள் எழுதினார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. எழுதினார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரை அடித்துவிட்டாலும் ஊர் வாடை போகாது. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவள் என்றோ, மழை ஏமாற்றியதால் அக்கா கல்யாணம் தள்ளிப்போகிறது என்றோ நடுவில் ஒரு வரி வந்துவிட்டால் போதும். வாசிக்கிற பெண்கள், "இது நம்ம பக்கத்துப் பிள்ளைதான்" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் யார் எவர் என்று துருவ மாட்டார்கள். எழுதியவள் கேட்டுக்கொண்ட மறைவை வாசித்தவர்களும் காப்பாற்றினார்கள்.

அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர்களைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் பேசுவதில்லை. நாவலைச் சொல்வார்கள், விருதைச் சொல்வார்கள். முகம் தெரியாத ஒருத்தியின் நாலு பக்கக் கடிதத்தை வாராவாரம் உட்கார்ந்து படித்துப் பதில் எழுதியதை ஒரு வேலையாகவே யாரும் எண்ணவில்லை. அது பெரிய வேலை. வறண்ட நிலத்து ஊர்களுக்கு அது என்ன செய்தது, இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

பத்திரிகைகள் வருவதற்கு முன்னால் கரிசல்காட்டுப் பெண்கள் யாரிடம் சொன்னார்கள்? பருத்தி எடுக்கும்போது பக்கத்து நிரையில் வருகிறவளிடம் சொன்னார்கள். களை வெட்டும்போது சொன்னார்கள். கிணற்றடியில் மதினியிடம் சொன்னார்கள். அதற்கும் ஆகாததைக் கோடாங்கியிடமும் குலசாமியிடமும் சொன்னார்கள். படுக்கையறைச் சங்கதிகளைக் கூடப் பேச இங்கே இடம் இருந்தது. வயதான பெண்கள் அவற்றைக் கதையாக்கிச் சொல்வார்கள். கி. ராஜநாராயணன் அப்படிப்பட்ட கதைகளைத் தேடித் திரட்டியதால்தான் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற தொகுப்பு நமக்குக் கிடைத்தது. ஆனால் இந்த ஏற்பாட்டில் பெரிய இக்கட்டு ஒன்று உண்டு. கேட்கிறவளுக்குச் சொல்கிறவளைத் தெரியும். அவள் புருஷனையும் தெரியும், மாமியாரையும் தெரியும். காலையில் நிரையில் சொன்னது பொழுது சாய்வதற்குள் தெருவுக்கு வந்துவிடும். ஊர்க்கூட்டத்துக்குப் போகலாம் என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அதில் பாதிப் பேர் புருஷன் வழிச் சொந்தக்காரர்கள்.

பத்திரிகை தந்தது இதைத்தான்: ஊரைச் சேராத ஒரு காது.

கடுதாசி எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி.ரா.வும் எழுதிக்கொண்ட கடிதங்களே தனி இலக்கியம். அழகிரிசாமி சென்னைக்கும், பிறகு மலேயாவில் 'தமிழ் நேசன்' வேலைக்கும் போன காலத்தில் கி.ரா. இடைசெவலில்தான் சம்சாரியாக இருந்தார். பின்னாளில் ஜூனியர் விகடனில் அவர் தொடராக எழுதியதற்கு வைத்த தலைப்பே 'கரிசல் காட்டுக் கடுதாசி'. அந்தக் கடுதாசியில் ஆள் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், காட்டின் பெயர்கூட இருக்கும். அதே கரிசலிலிருந்து பெயரில்லாத கடிதங்களும் தபால் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் இந்த நிலத்தின் முழுக்கதை தெரியும் என்பது என் எண்ணம். முதலாவது புத்தகமாகக் கிடைக்கிறது. இரண்டாவதை யாரும் சேர்த்து வைக்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகையில் கேள்வி பதில் பழைய சரக்கு. குமுதத்தில் 'அரசு பதில்கள்', கல்கண்டில் தமிழ்வாணனின் பதில்கள், ராணியில் அல்லியின் பதில்கள் என்று, பத்திரிகையைக் கையில் வாங்கியதும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற வாசகர்கள் ஏராளம். அவை சுருக்கெழுத்து மாதிரி. ஒரு வரிக் கேள்வி, ஒரு வரிப் பதில். அறிவும் நகைச்சுவையும் சமமாக இருக்கும். வாழ்க்கைச் சிக்கலைச் சொல்லி வழி கேட்கும் கடிதம் வேறு வகை. அதற்கு இடம் வேண்டும், பொறுமை வேண்டும், எழுதுகிறவளை நம்பவைக்கும் ஒரு பெயர் வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 1691-இல் லண்டனில் ஜான் டன்டன் நடத்திய 'ஏதீனியன் மெர்க்குரி' வாசகர்களின் சொந்தக் கேள்விகளுக்குப் பதில் அச்சிட்டது. 1906-இல் நியூயார்க்கில் ஆபிரகாம் கஹான் தம்முடைய யித்திஷ் மொழி நாளிதழான 'ஃபார்வர்ட்'டில் 'பிண்டல் பிரீஃப்' என்ற பகுதியைத் தொடங்கினார். கப்பலேறி வந்து தையற்கூடங்களில் உழைத்த ஏழை யூதர்கள் அதற்கு எழுதினார்கள்: ஊரில் விட்டுவந்த மனைவி, ஓடிப்போன புருஷன், கொடுக்காத கூலி. எழுதத் தெரியாதவர்கள் பிறரைக் கொண்டு எழுதச் சொன்னார்கள். அந்தத் தையற்கூடத்துக்கும் எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கும் தூரம் அதிகமில்லை. துண்டுக்கணக்கில் கூலி, பிறந்த இடத்தின் பிடி, வெளியே சொல்ல முடியாத வேதனை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் வந்தே தீரும்.

தமிழில் இந்தக் கடிதங்களுக்கு ஒரு முகம் கொடுத்தவர் என்று கேட்டால் நான் அனுராதா ரமணனைத்தான் சொல்வேன். 1947 ஜூன் 29 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். தாத்தா ஆர். பாலசுப்பிரமணியம் அந்தக் காலத்துத் திரைப்பட நடிகர். எழுத்தின் மேல் ஆசை வந்ததற்கு அவரே காரணம் என்று பேத்தி சொல்லியிருக்கிறார். படித்தது ஓவியம். பத்திரிகைகளில் படம் வரையும் வேலை தேடிப் போய், 1977-இல் 'மங்கை' இதழில் எழுத்து வேலைக்கு வந்து சேர்ந்தார். கணவரை இளம் வயதிலேயே இழந்தார். இரண்டு பெண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பும் எழுத்தும் அவருக்குத் தனித்தனியாக இருக்கவில்லை. 2010 மே 16 அன்று சென்னையில் இறந்தபோது வயது 62. 800 நாவல்கள் வரை, 1,230 சிறுகதைகள் என்று அவர் எழுத்துக்குக் கணக்குச் சொன்னார்கள். அவ்வளவும் ஒரே தரத்தில் இருக்குமா என்று கேட்கலாம், இருக்காது. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று எழுதிப் பிழைத்தவர் அவர். அந்த எழுத்துதான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனந்த விகடனில் தங்கப் பதக்கப் பரிசு பெற்ற 'சிறை' அவரை நிலைநிறுத்திய கதை. வல்லுறவுக்கு ஆளான பாகீரதியைக் கணவன் கைவிட்டுப் போகிறான். போக்கிடமில்லாத அவள், தன்னைச் சீரழித்த அந்தோணியின் வீட்டுக்கே போய் இடம் கேட்டு நிற்கிறாள். அங்கேயே வாழ்கிறாள். கடைசியில் கணவனின் மனைவியாக இருப்பதை விட்டு அந்தோணியின் விதவையாக இருக்க முடிவெடுக்கிறாள். 1984-இல் ஆர்.சி. சக்தி இயக்கத்தில் லட்சுமி நடித்துப் படமாக வந்தபோது எங்கள் பக்கத்துத் தியேட்டர்களிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று பல நாள் பேசினார்கள். எனக்கு இன்றும் அது தொந்தரவு செய்கிற கதைதான். குற்றம் செய்தவன் வீட்டில் அடைக்கலம் தேடவேண்டிய நிலையை நான் ஏற்க மாட்டேன். ஆனால் தாலி கட்டியவன் என்பதற்காக மட்டும் ஒருவனிடம் திரும்பிப் போக வேண்டியதில்லை என்று ஒரு பெண் சொன்னதை, அந்த நாளில் அத்தனை வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கதை. 'கூட்டுப்புழுக்கள்' படமானது. கே. பாலசந்தரின் 'ஒரு வீடு இரு வாசல்' படத்துக்கும் அவர் கதை பயன்பட்டது. அந்தப் படம் சமூகப் பிரச்சினை பற்றிய படங்களுக்கான தேசிய விருது பெற்றது.

இவ்வளவுக்கும் பிறகு அவரைப் பட்டிதொட்டிகளுக்கு அம்மாவாக்கியது இந்தப் பெருமைகள் எதுவுமில்லை. தினமலர் வாரமலரில் அவர் எழுதிய 'அன்புடன் அந்தரங்கம்' பகுதிதான். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957-இல் திருநெல்வேலிக்கு வந்த பத்திரிகை. எங்கள் பக்கத்துக்கு அது சொந்தப் பேப்பர். டீக்கடைப் பெஞ்சில் ஆண்கள் நாளிதழைப் பிரித்துப் பிரித்துப் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவச இணைப்பு மட்டும் எப்படியோ வீட்டுக்குள் போய்விடும். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு புத்தகம் நாலு வீடு சுற்றும். வார இதழ் வாங்கக் காசு கேட்க முடியாத பெண்ணின் கைக்கும் அது வந்து சேர்ந்தது. பரிசுக் கதைகள் எட்டாத இடத்துக்கு அந்தப் பக்கம் எட்டியதற்கு இதுவே காரணம்.

தீப்பெட்டித் தொழில் நடந்த ஊர்களில் அந்தப் பக்கம் எப்படிப் படிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபீஸில் குச்சி அடுக்குவதும் அடைப்பதும் ஒரு பக்கம் என்றால், பெட்டி ஒட்டும் வேலை வீடுகளிலேயே நடந்தது. மைதாவோடு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, சுற்றிலும் பெண்கள், நடுவில் குவியலாக அட்டை. குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. கை நிற்கக் கூடாது, காது சும்மா இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாராவது வாரமலரை எடுத்து வாசிக்கும். அந்தரங்கப் பகுதி வந்ததும் அதை அந்தப் பிள்ளையிடமிருந்து வாங்கி, படித்த அக்கா ஒருத்தி மெதுவான குரலில் படிப்பாள். கடிதம் முடிந்ததும் பதிலுக்குப் போக மாட்டாள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மற்றவர்களைக் கேட்பாள். ஒருத்தி "விட்டுட்டு வந்திரணும்" என்பாள். இன்னொருத்தி, "வந்து எங்க போவா? அய்யா வீட்டுல ரெண்டு தங்கச்சி இருக்கே" என்பாள். அதற்குப் பிறகுதான் அனுராதா ரமணன் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார்கள்.

இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கடிதம் எழுதியவள் ஒருத்தி. அதைக் காரணமாக வைத்துத் தன் கதையைத் தன் பெயர் சொல்லாமல் பேசிக்கொண்டவர்கள் அத்தனை பேர். "எனக்கு இப்படி" என்று சொல்ல முடியாதவள், "இந்தப் பிள்ளைக்குப் பாவம் இப்படி" என்று சொல்ல முடிந்தது.

அவர் பதில்கள் அதட்டாது. முதலில் எழுதியவளைத் தேற்றும், பிறகுதான் வழி சொல்லும். திட்ட வேண்டிய இடத்தில் திட்டவும் செய்யும். ஆனால் முடிந்த மட்டும் குடும்பம் பிரியக் கூடாது என்பது அவர் பிடிவாதம். விவாகரத்தைத் தடுக்கும் ஆலோசகர் என்றே அவருக்குப் பெயர் இருந்தது. பாகீரதியைப் படைத்தவர் ஏன் வாசகிகளிடம் பொறுத்துப் போ என்றார் என்று பலரும் கேட்டதுண்டு. எனக்குத் தோன்றுவது இது: கதையில் வருகிறவளுக்கு நாளைக்குச் சோறு போட வேண்டிய கவலை எழுத்தாளருக்கு இல்லை. கடிதம் எழுதுகிறவளுக்கு உண்டு. பிரிந்து வந்தால் அவளுக்கு எந்த வீடு, எந்தக் கூலி, குழந்தைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். தனியாக நின்று இரண்டு குழந்தைகளை வளர்த்தவருக்கு அந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

அப்படியிருந்தும் அதை முழுக்க நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. அடி வாங்குகிற பெண்ணுக்குப் பொறுமையைச் சொல்வது ஆபத்து. அந்தக் காலத்து ஆலோசனைப் பக்கங்கள் பொதுவாகவே இதில் தவறின. கணவன் குடியை நிறுத்த அன்பாகப் பேசிப் பார் என்றும், மாமியார் மனதை மாற்றச் சேவை செய் என்றும் எழுதினார்கள். சாதியைத் தொடும் இடத்தில் பட்டும் படாமலும் ஒதுங்கினார்கள். வேறு சாதிப் பையனை விரும்புகிற கரிசல்காட்டுப் பெண்ணுக்கு அது உயிர் போகிற விஷயம். பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசு என்று பதில் எழுதினால் அவளுக்கு அது உதவாது. தபாலில் போன கடிதம் தேர்வாகி அச்சேறி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தும் இருப்பார்கள்.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. கணவன் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு 1983-இல் வந்தது.   1989-இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதல் வந்தன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்தால், பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த பெண்ணுக்கு அதைவிட்டால் வேறு வாசல் எவ்வளவு குறைவாக இருந்தது என்பது தெரியும். காவல் நிலையப் படி ஏறுவதைவிடத் தபால் பெட்டி பக்கத்தில் இருந்தது.

இன்று?

தீப்பெட்டித் தொழில் சுருங்கிவிட்டது. கையால் செய்யும் ஆபீஸ்கள் பல மூடின, மிச்சத்தில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 14 வருஷத்துக்குப் பிறகு 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. இடையில் பிளாஸ்டிக் லைட்டர் வந்து சந்தையைப் பிடித்தது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023-இல் மத்திய அரசு தடை போட்டது. எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' படத்தில் காட்டிய, விடியும் முன்னால் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு போகப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளின் வயதில் இருப்பவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். நான் பார்த்த மாற்றங்களிலேயே பெரியது அதுதான். அவர்களின் அக்காமார் பலர் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்குப் போனார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயரிட்டு, கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாக ஆசை காட்டி அழைத்துப் போனார்கள். விடுதிக்குள் அடைபட்ட அந்தப் பெண்களுக்கும் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது.

இப்போதைய பெண்ணுக்குக் கையில் போன் இருக்கிறது. டவுன் பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. கோவில்பட்டிக்குப் போய் வக்கீலைப் பார்க்க மாமியாரிடம் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை என்றால், பழைய காலத்து ஆலோசனையில் பாதி செல்லாது. இனி யாரும் 'எங்கே போவாள்' என்று அவ்வளவு சுலபமாகக் கேட்க முடியாது.

பத்திரிகைப் பக்கமும் மாறியது. அனுராதா ரமணன் போன பிறகு 'அன்புடன் அந்தரங்கம்' நின்றுவிடவில்லை; சகுந்தலா கோபிநாத் தொடர்ந்து எழுதிவருகிறார். அவள் விகடனில் 'என் டைரி' என்று ஒரு பகுதி வந்தது. அதில் பிரச்சினையை ஒரு வாசகி எழுத, பதிலை மற்ற வாசகிகள் எழுதினார்கள். பெட்டி ஒட்டிய வீட்டில் நடந்த பேச்சை அப்படியே அச்சுக்குக் கொண்டுவந்த மாதிரி இருந்தது அது. ஆலோசகர் என்ற ஒற்றை நாற்காலியை எடுத்துவிட்டுப் பாயை விரித்தார்கள் என்பதால் எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். டாக்டர் மாத்ருபூதம், டாக்டர் நாராயண ரெட்டி போன்ற மருத்துவர்கள், ஊர் வாயில் வராத சந்தேகங்களுக்கு மருத்துவப் பதில் சொன்னார்கள். ஒரு தலைமுறையின் வீண் பயங்களை அவர்கள் தீர்த்துவைத்தார்கள்.

தொலைக்காட்சி வேறு பாதையில் போனது. ஜீ தமிழில் 2011 முதல் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை' குடும்பச் சண்டையை முகத்தோடும் ஊரோடும் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தது. உதவி கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தரங்கத்தைக் காட்சியாக்கியதை என் மனம் ஒப்பவில்லை. 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டது. பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டு எழுதிய பெண்ணின் மகள், கேமராவுக்கு முன்னால் தன் பெயரும் புருஷன் பெயரும் சொல்லி அழவேண்டி வந்தது.

அடுத்து வந்தது போன். வாட்ஸப்பில் தோழிக்குக் குரல் பதிவு, யூடியூபில் மருத்துவர், ஜோதிடர், உளவியல் ஆலோசகர். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தமிழிலேயே தட்டிக் கேட்டால் நொடியில் பதில் வருகிறது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பதில்களில் பல சரியாகவும் இருக்கின்றன. பழைய பக்கங்களில் இல்லாத சட்ட விவரம், மருத்துவ விவரம் எல்லாம் வருகின்றன. நல்லதுதான். ஆனால் கேட்டவளும் தனி, பதிலும் தனி. அடுத்த வீட்டில் அதே அடியை வாங்குகிறவளுக்கு இவள் கேட்டது தெரியாது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து "இது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லும் சந்தர்ப்பம் போய்விட்டது. ஊர் எதை நியாயம் என்று நினைக்கிறதோ அது மெல்ல மாறுவதற்கு அந்தப் பேச்சு வேண்டும். விடியவிடியப் போனைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி மட்டும் தெளிவடைந்தால் போதாது, அவள் வாழும் தெருவும் தெளிவடைய வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் மனதைத் திறப்பது பத்திரிகைக் காலத்தில் பாதுகாப்பாக இருந்தது. கடிதத்தைப் படித்த ஆசிரியர் குழு அதை வைத்து யாரையும் மிரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்று போனில் முகம் தெரியாத ஒருவனிடம் சொன்ன ரகசியமும் அனுப்பிய படமும் மறுநாளே கத்தியாகத் திரும்பி வருகின்றன. பொள்ளாச்சியில் பெண்களைப் படமெடுத்து மிரட்டிச் சீரழித்ததை மறந்திருக்க மாட்டோம். குற்றவாளிகள் 9 பேருக்கு 2025 மே மாதம் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பயந்து வாய் திறக்காதவர்கள் எத்தனை பேரோ. அந்தப் பயத்தில் இருக்கும் பெண்ணுக்கு, நீ தப்புச் செய்யவில்லை என்று முதலில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பழைய ஆலோசகர்கள் எவ்வளவு தவறினாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தவறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. அன்றைய ஆலோசனைகளில் பாதியை இன்று ஏற்க முடியாது. இன்று கிடைக்கும் ஆலோசனை அதைவிடத் தரமானது, வேகமானது. ஆனால் ஆலோசனைப் பக்கத்தின் உண்மையான பயன் பதிலில் இருந்ததைவிடக் கேள்வியை அச்சிட்டதில்தான் இருந்தது. வீட்டுக்குள் நடக்கிற கொடுமை வெளியே எழுதத் தகுந்த செய்திதான் என்று அது ஊருக்குச் சொன்னது. அனுராதா ரமணன் எழுதிய எந்த நாவலுக்கும் குறையாத வேலை அது.

பத்திரிகை ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். பதில் எழுதுகிறவரோடு ஒரு வழக்கறிஞரையும் ஒரு மனநல மருத்துவரையும் உட்கார வையுங்கள். சாதி பற்றி வரும் கடிதத்தை ஒதுக்காதீர்கள். பழைய கட்டுகளில் இருக்கும் கடிதங்களை, பெயர் ஊர் நீக்கி, தொகுத்துப் புத்தகமாக்குங்கள். கரிசல் இலக்கியம் என்று நாங்கள் கொண்டாடுவதில் விடுபட்ட பாகம் அங்கே இருக்கிறது.

இதைப் படிக்கிற பெண்களுக்கு: தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. 2018 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம். மனம் தாளாத நேரத்துக்கு 14416. போனில் மிரட்டல் வந்தால் 1930. மாவட்டந்தோறும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அடிபட்டு வருகிறவளுக்குத் தங்க இடம், சட்ட உதவி, மருத்துவ உதவி மூன்றும் அங்கே கிடைக்கும். இந்த எண்களை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து வீட்டு மதினிக்கும் எழுதிக் கொடுங்கள்.